முட்டை வைக்கிற கோழியை யார் விற்பார்கள்?

கூண்டு சித்திரையிலேயே தயாராகிவிட்டது. அது முழுதாக நிறைய ஐப்பசி ஆயிற்று. நடுவில் செய்த தப்புகள், கொடுத்த தண்டம் எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

“முட்டை வெக்கிற கோழிய யாராவது விப்பாங்களா மாப்ள?” என்று அத்தை, அதாவது என் மாமியார், முதல் நாளே கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பணம் கொடுத்தால் எதுவும் கிடைக்கும் என்ற நினைப்பு.

வளர்ந்த கோழியாகத் தேடியதற்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் ஒரு மாதக் குஞ்சுகள் இருபது வாங்கி விட்டிருந்தேன். காக்கை நான்கைத் தூக்கியது. கீரி மூன்றை. மிச்சத்தை வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போனது. தப்பிப் பிழைத்த இரண்டும் வளர்ந்த பிறகு பார்த்தால் சேவல். ஆறு மாதம் தீனி போட்டு ஒரு முட்டைகூடப் பார்க்காத வீடு எங்களுடையது. அதனால் இந்த முறை, இன்று வாங்கினால் நாளை மறுநாள் முட்டை வைக்கிற கோழிதான் வேண்டும் என்று முடிவு.

கூண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடிக்கு நாலடி, தரையிலிருந்து இரண்டடி உயரம், சுற்றிலும் அரை இஞ்ச் வெல்ட் மெஷ். ஒரு இஞ்ச் வலை விலை குறைவுதான், ஆனால் சின்னப் பாம்பும் மரநாயின் கையும் உள்ளே வரும். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று. முட்டை வைக்க மூன்று பழைய காய்கறிக் கிரேட், உள்ளே வைக்கோல்.

எத்தனை கோழி என்பதில்தான் முதல் தப்பு. ஐந்து பேர் வீடு, ஒரு நாளைக்கு மூன்று முட்டை போதும், ஆறு நாட்டுக்கோழி வாங்கினால் தாராளம் என்று நினைத்தேன். அத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு பன்னிரண்டிலிருந்து பதினைந்து முட்டை வைக்கும். அப்புறம் அடைக்குப் படுத்துவிடும். இருபத்தொரு நாள் அடை, அதற்குப் பிறகு குஞ்சோடு இரண்டு மாதமாவது திரியும். வருஷத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு ஈடு. ஒரு கோழிக்கு ஐம்பது, அறுபது முட்டை என்று வைத்தால் ஆறு கோழிக்கு வருஷத்துக்கு 360. ஒரு நாளைக்கு ஒன்று, அவ்வளவுதான். அடைக்கு விடாமல் தடுத்தால் கொஞ்சம் கூடும். அடை தெளிவிப்பது என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகைச் செருகி விடுவார்கள். அந்த மூக்குக் குத்துக்கு நான் தயாராக இல்லை.

ஆக முட்டைக்கென்று இரண்டு மூன்று, வளர்ப்புக்கென்று நாட்டுக்கோழி மூன்று நான்கு என்று கலந்து வைப்பது என்று திட்டத்தை மாற்றினேன்.

முதலில் நாற்கர சாலை ஓரத்தில் கூண்டு வைத்து விற்பவர்களிடம் போனேன். “வெடக்கோழி சார், அடுத்த வாரம் முட்டை வெச்சிரும்” என்றார் ஒருவர். வெடை என்றால் இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழி. கோழி பார்க்க மினுமினுப்பாகத்தான் இருந்தது. கொண்டை மட்டும் வெளிறி, நகம் அளவுக்கு இருந்தது. பண்ணையில் கறிக்காக வளர்க்கிற நாட்டுக்கோழியை மூன்று மாதம் முன்னே பின்னே, ஒன்றே கால் ஒன்றரை கிலோவில் விற்றுவிடுவார்கள். அது முட்டைக்கு வர ஐந்தாறு மாதம் ஆக வேண்டும். மூன்று மாதத் தீனியை நான் போடுவதற்கு அவருக்கு எதற்கு முட்டைக்கோழி விலை? வாங்கவில்லை. கொண்டை சிவக்க ஆரம்பித்த, நாலரை ஐந்து மாத வெடை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். பழைய கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத கோழி அது.

கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் வனராஜா, கிராமப்பிரியா பற்றியும் விசாரித்தேன். கிராமப்பிரியா வருஷத்துக்கு 200 முட்டைக்கு மேல் வைக்கும், நல்ல இனம். ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் கிடைப்பது குஞ்சு. குஞ்சு என்றதும் எனக்குக் கீரி ஞாபகம் வந்துவிடும்.

ஆனியில் நாமக்கல் வழி திறந்தது. சித்தப்பா மகன் தீவன லாரி ஓட்டுகிறான். “அண்ணே, பண்ணையில கழிக்கிற முட்டைக்கோழி நாலு கொண்டாரவா?” என்று கேட்டான். பேப்பரில் முட்டை விலைக்குப் பக்கத்தில் முட்டைக்கோழி கிலோ இவ்வளவு என்று தினமும் போடுவார்களே, அந்தக் கோழிதான். பத்தொன்பது இருபது வாரத்தில் முட்டைக்கு வந்து, வருஷத்துக்கு முந்நூறுக்குமேல் வைக்கிற வெள்ளைக்கோழி. எழுபத்திரண்டு வாரத்தைத் தாண்டி, இப்போது பல பண்ணைகளில் எண்பது தொண்ணூறு வாரம் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, முட்டை குறைகிறபோது மொத்தமாகக் கறிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பண்ணைக்குத்தான் அது நஷ்டம். வீட்டில் வாரத்துக்கு நாலு முட்டை வைத்தால் நமக்கு என்ன குறை?

நாலு கோழி வந்தது. கிரேட்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டேன். விட்ட இடத்திலேயே நின்றன. ஒரு அடி நகரவில்லை. பிறந்ததிலிருந்து கம்பி மேலேயே நின்ற கால், மண் என்றால் என்னவென்று தெரியாது. கழுத்தில் இறகு தேய்ந்து சிவப்புத் தோல் தெரிந்தது. நகம் கொக்கி மாதிரி வளர்ந்திருந்தது. அலகின் நுனி வெட்டியிருப்பதால் தரையில் சிதறின கம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியவில்லை. ஆழமான தட்டில் தீவனத்தைக் குவித்து வைத்த பிறகுதான் தின்றன. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தும் குடிக்கத் தெரியவில்லை. பண்ணையில் கொத்தினால் சொட்டுகிற நிப்பிள் குழாய். ஒவ்வொன்றின் அலகையும் பிடித்துத் தண்ணீரில் தொட்டுவிட்டேன், ஒரு நாள் முழுக்க அதே வேலை.

நாலாம் நாள் ஒன்று போய்விட்டது. அது என் தப்பு. கூண்டு வாசல் இரண்டடி உயரம். உள்ளே படுக்கத் தூக்கி வைத்தேன், காலையில் கதவைத் திறந்ததும் குதித்தது, தொடை எலும்பு முறிந்துவிட்டது. தினம் ஒரு முட்டை என்று வைக்கிற கோழி, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். கூண்டில் அடைந்தே கிடந்தால் எலும்புக்கு வலுவும் கிடையாது. அன்றைக்கே ஒரு பலகையில் குறுக்குச் சட்டம் அடித்துச் சாய்வாக வைத்தேன். உட்காரும் கட்டையை ஒரு அடி உயரத்துக்கு இறக்கினேன். கிளிஞ்சலை உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். இதையெல்லாம் கோழி வருவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

மிச்ச மூன்றும் தேறின. மூன்றாவது வாரம் ஒன்று மண்ணில் சாய்ந்து படுத்துப் புழுதிக் குளியல் போட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்துக்கே லேட்டாகப் போனாள் அன்றைக்கு. ஆறாவது வாரத்திலிருந்து இரண்டு கோழி முட்டை வைத்தன, பிறகு மூன்றாவதும்.

சரி, வெள்ளை முட்டை வந்துவிட்டது. இனி நாட்டுக்கோழி.

அய்யலூர் சந்தை எங்களுக்கு அரை மணி நேரம். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற சாலையில், வியாழக்கிழமை கூடும். ஆடு, கோழிக்குப் பேர்போன சந்தை. ஐந்து மணிக்குப் போய் நின்றால் ஏற்கனவே பாதி வியாபாரம் முடிந்திருக்கிறது. இருட்டில் செல்போன் டார்ச்சை அடித்து ஆட்டின் பல்லைப் பார்க்கிறார்கள். சண்டைச் சேவலைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு வரிசை நிற்கிறது. அந்தச் சேவல் விலையைக் கேட்டால் என் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். பெட்டைக்கோழிகள் ஓரத்தில், சாக்கின் மேல், இரண்டிரண்டாகக் காலைக் கட்டிக் கிடக்கும்.

நான் போனது ஆடி மாதம். அம்மன் கோயில் திருவிழா, குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு, கோழி அறுப்பு என்று எல்லோரும் வாங்குகிற நேரம். விலை ஏறித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லியும் போனேன். அவசரம்.

ஒரு பெரியவரிடம் இரண்டு கோழி இருந்தது. ஒன்று செவலை, ஒன்று கறுப்பில் வெள்ளைப் புள்ளி.

“முட்டை வெக்கிதாண்ணே?”

“ரெண்டும் வெக்கிற கோழிதாம்பா.”

“அப்புறம் ஏண்ணே விக்கிறீங்க?”

“செலவுக்குத்தான்.”

நியாயமான பதிலாகத்தான் பட்டது. 1,150 ரூபாய் கொடுத்து, இரண்டையும் தலைகீழாக ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “முட்டைக்கோழிய இப்பிடியா தொங்கப்போட்டு வருவாங்க? உள்ள முட்ட இருந்து ஒடைஞ்சா கோழி மிஞ்சாது.” திட்டிவிட்டுத்தான் கட்டையே அவிழ்த்தார்.

அவர் கோழி பார்க்கும் விதத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கோழியின் தலையைத் தன் கக்கத்துக்குப் பின்னால் விட்டு, உடம்பை இடது கையில் ஏந்திக்கொண்டார். வால் அவர் முகத்தைப் பார்க்க இருக்கிறது. கோழி அப்படியே அடங்கிவிட்டது. வலது கையால் வால் இறகை ஒதுக்கினார். முட்டை வைக்கிற கோழிக்கு ஆசனவாய் அகலமாக, ஈரமாக, வெளிறின நிறத்தில் இருக்கும். வைக்காததற்குச் சுருங்கி, காய்ந்து, சுருக்குப் பையை இழுத்துக் கட்டினது மாதிரி இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் முனை இரண்டு தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். புள்ளிக்கோழிக்கு மூன்று விரல் வைக்க இடம் இருந்தது. அடிவயிறு பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. என் விரலையும் வைக்கச் சொன்னார். எலும்பு முனை லேசாக வளைந்து கொடுத்தது.

செவலைக்கு ஒரு விரலே இறுக்கம். அப்புறம் காலைப் பிடித்து என் பக்கம் நீட்டினார். செதில் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு, புளியமரப் பட்டை மாதிரி இருந்தது. பெட்டையாக இருந்தும் காலில் மொட்டு மாதிரி முள் வந்திருந்தது.

“இது பாட்டியம்மா” என்றார். பெயர் அன்றிலிருந்து பாட்டியம்மாதான்.

புள்ளிக்கோழி நல்ல கோழி, அதில் சந்தேகமில்லை. மூன்றாம் நாள் காலை கேறிக்கொண்டே கிரேட்டைத் தேடிப் போனது. அரை மணி நேரத்தில் கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் முட்டை இல்லை. அடுத்த நாள் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பாம்பு என்று நினைத்துக் கூண்டு முழுக்கத் தடவினேன். நாலாம் தடவை மனைவிதான் பார்த்தாள். கோழியின் அலகு பிசுபிசுவென்று இருந்தது, வைக்கோலில் மஞ்சள் கறை. முட்டையை வைத்த கையோடு திரும்பி நின்று அதுவே கொத்திக் குடித்துவிடுகிறது.

பெரியவருக்கு என்ன செலவு என்று அப்போதுதான் புரிந்தது.

ஊரில் ஒரு வைத்தியம் சொல்வார்கள், முட்டைக்குள் மிளகாய்ப் பொடி அடைத்து வைத்தால் காரம் பட்டு விட்டுவிடும் என்று. செய்து பார்த்தேன். மிளகாய்ப் பொடியோடு சேர்த்துச் சாப்பிட்டது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. கிளி பச்சை மிளகாய் தின்னும்போது யாராவது தண்ணீர் கொடுக்கிறோமா, முதலிலேயே யோசித்திருக்கலாம். அப்புறம் கிரேட்டின் அடியை மாற்றினேன். வைக்கோலை எடுத்துவிட்டு ரப்பர் பாயை ஒரு இஞ்ச் சாய்வாகப் போட்டு, பின்பக்கம் ஒரு துளை விட்டு, துணி தொங்கவிட்டேன். முட்டை விழுந்ததும் உருண்டு துணிக்குப் பின்னால் போய்விடும். ஐந்தில் மூன்று முட்டை தப்பியது. அதற்குள் இன்னொரு வம்பு. புள்ளிக்கோழி குடிப்பதைப் பார்த்து ஒரு வெள்ளைக்கோழியும் கொத்திப் பார்க்க ஆரம்பித்தது. இந்தப் பழக்கம் கூட்டம் முழுக்கத் தொற்றும். அந்த ஞாயிற்றுக்கிழமை புள்ளிக்கோழி குழம்பாயிற்று. வெள்ளைக்கோழி சாய்வு கிரேட்டில் பத்து நாளில் மறந்துவிட்டது. அந்தக் கிரேட்டை இன்னும் மாற்றவில்லை.

சந்தையைக் குறை சொல்லவில்லை. அங்கே நல்ல கோழியும் வருகிறது, பார்க்கத் தெரிந்தவர்கள் வாங்கிப் போகிறார்கள். ஆனால் கையில் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிகிற குறைகள் பாட்டியம்மாவுடையவை மட்டும்தான். முட்டை குடிப்பது, அடுத்த வீட்டுப் படப்பில் போய் முட்டை வைப்பது, அடையில் பாதியில் எழுந்து போவது இதெல்லாம் எந்த விரலுக்கும் தட்டுப்படாது. அத்தை கேட்ட கேள்வி திரும்ப வந்து நின்றது. முட்டை வைக்கிற கோழி சந்தைக்கு வந்தால், ஏன் வந்தது?

ஆவணியில் ஒரு நாள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு அக்கா வருவார். கூடையில் உமி பரப்பி, அதில் நாட்டுக்கோழி முட்டை. வடமதுரைப் பக்கம் ஊர் ஊராக வீடு வீடாகப் போய் வாங்கி, டவுனில் கொடுக்கிறவர். நானே அவரிடம் வருஷக்கணக்காக முட்டை வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. எந்த வீட்டில் எந்தக் கோழி எத்தனை முட்டை வைக்கிறது என்று இந்த வட்டாரத்திலேயே தெரிந்த ஒரே ஆள் இவர்தானே?

கேட்டேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வெக்கிற கோழிய யாரு தம்பி விப்பாக? கோழிய வெச்சுக்க முடியாதவக நாலு பேரு இருப்பாக, அவுகளத்தான் கேட்டுப் பாக்கணும்.”

அடுத்த தடவை வரும்போதே இரண்டு வீடு சொன்னார். கமிஷன் என்று பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. மிச்சமாகிற முட்டையைத் தனக்குத்தான் தர வேண்டும் என்று மட்டும் சொன்னார். வியாபாரம் தெரிந்தவர்.

முதல் வீட்டில் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லைன் வீட்டில் கோழி வளர்க்க முடியாது. நாலு பெட்டை இருந்தது. மூன்று எடுத்துக்கொண்டேன், ஒன்றை அவர்களுடைய தங்கச்சி கேட்டு வைத்திருந்தார். எது எந்த இடத்தில் முட்டை வைக்கும், எது போன ஈட்டில் எத்தனை வைத்தது, எது அடையில் முரடு என்று அந்த வீட்டு அம்மா ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். முட்டை வைத்திருந்த மண்சட்டியையும் பார்த்தேன், அன்றைய முட்டை ஒன்று உள்ளே இருந்தது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஒன்று 500 ரூபாய். புரட்டாசி பிறந்துவிட்டதால் கறிக்கு வாங்குகிற வியாபாரிகள் அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. ஆடியில் இதே கோழிக்கு நான் போட்டி போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வீடு ஒரு பாட்டி. பக்கத்துக் காட்டில் கடலை விதைத்திருந்தார்கள், பாட்டியின் கோழி விதையைக் கிளறி விட்டது. இரண்டு தடவை சண்டை, மூன்றாவது தடவை கோழிக்கு மருந்து வைத்துவிடுவேன் என்று மிரட்டல். ஒரே ஒரு கொண்டைக்கோழி, தலையில் பூச்சூடின மாதிரி இறகு. பாட்டி அதை மூடியிருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கி, எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். பெரும்பாலும் பக்கத்துக் காட்டுக்காரரைப் பற்றி. “அறுத்துறாதப்பா” என்று சொல்லிக் கொடுத்தார். விலை சொல்லவே இல்லை. நானாக ஐந்நூறை வைத்தேன்.

இரண்டு வீட்டுக்கும் பொழுது சாய்ந்த பிறகுதான் போனேன். அடைந்த கோழியைப் பிடிப்பது சுலபம், துரத்தி ஓடவிட வேண்டாம். மூங்கில் கூடையில் வைக்கோல் போட்டு, மேலே சாக்கைக் கட்டி, பைக்கில் பின்னால் மனைவி மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். ஹேண்டில்பார் பாடம் மறக்கவில்லை.

வந்ததும் வெள்ளைக்கோழிகளோடு சேர்த்து விடவில்லை. தோட்டத்தின் அந்தக் கோடியில், வேப்ப மரத்தடியில் பஞ்சாரத்திலும் ஒரு பழைய கூண்டிலுமாக மூன்று வாரம் தனியே. தீனியும் தண்ணீரும் முதலில் பழைய கோழிக்கு, பிறகு புதுசுக்கு, அப்புறம் கைகால் கழுவல். அத்தை மட்டும் ஒவ்வொரு கோழியாகக் கையில் எடுத்து உரலை மூன்று சுற்றுச் சுற்றி விட்டார், பழைய வீட்டுக்கு ஓடாமல் இருக்குமாம். இருபது கிலோமீட்டர் தாண்டி வந்த கோழி எங்கே ஓடப்போகிறது என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கால்நடை மருந்தகத்தில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி சனிக்கிழமை போடுகிறார்கள், இலவசம். ஆனால் ஒரு மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டும், ஒரு குப்பியில் நிறையக் கோழிக்கு மருந்து இருக்கும். நான் நாலு கோழியோடு போய் நின்றால் டாக்டர் எப்படிக் குப்பியை உடைப்பார்? “தெருவுல சொல்லி இன்னும் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க” என்றார். அடுத்த சனிக்கிழமை எங்கள் தெருவே கூடையும் பையுமாகப் போனது. இறக்கைக்கு அடியில் தோலைத் தூக்கி ஒரு ஊசி. குடற்புழு மருந்தும் அன்றைக்கே வாங்கிவந்து தண்ணீரில் கலந்து கொடுத்தேன். பேனுக்கு அடுப்புச் சாம்பலில் வேப்பிலைப் பொடி கலந்து ஒரு அகலச் சட்டியில் வைத்தேன், அவையே புரண்டுகொண்டன.

இந்த மூன்று வாரமும் ஒரு முட்டை இல்லை. வந்த மறுநாள் ஒன்று, அது வரும்போதே வயிற்றில் இருந்தது. இடம் மாறினால் கோழி நிறுத்திவிடும் என்று தெரியாமல் இருந்திருந்தால், திருப்பூர்க்காரர்களையும் சந்தைப் பெரியவர் கணக்கில் சேர்த்திருப்பேன்.

ஐப்பசி முதல் வாரம், இரவு எட்டு மணிக்கு, விளக்கைப் போடாமல் நாலையும் எடுத்துப் பெரிய கூண்டில் வெள்ளைக்கோழிகளுக்குப் பக்கத்தில் கட்டையில் உட்கார வைத்தேன். இருட்டில் கோழிக்கு ஒன்றும் தெரியாது. விடிந்ததும் தெரிந்தது. பெரிய உடம்போடு வெள்ளைக்கோழிகள்தான் விரட்டும் என்று பயந்திருந்தேன். நடந்தது வேறு. கொண்டைக்கோழி அந்த மூன்று வெள்ளைக்கோழிகளையும் மூலையில் தள்ளி, தீவனத் தட்டுக்கே வரவிடவில்லை. இன்னொரு தட்டும் இன்னொரு தண்ணீர்க் கிண்ணமும் எதிர் மூலையில் வைத்தேன். நாலு நாள் சத்தம். ஐந்தாம் நாள் முந்தின வருஷத்துச் சேவல் ஒன்று நடுவில் போய் நிற்க ஆரம்பித்தது, அதோடு ஓய்ந்தது. பாட்டியம்மாவை யாரும் தொடவில்லை, அது யாரையும் தொடவில்லை.

ஐப்பசியில் வெள்ளைக்கோழி மூன்றும் இறகு உதிர்த்தன. கூண்டு முழுக்கத் தலையணை கிழிந்த மாதிரி. முட்டை அடியோடு நின்றது. இறகு முளைக்கிற வரை ஒன்றும் செய்ய முடியாது, புரதம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன், கருவாட்டுத் தூளும் கடலைப் புண்ணாக்கும். கார்த்திகைக் கடைசியில் இறகு வந்துவிட்டது. வெள்ளைக்கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருந்தால்தான் முட்டை நன்றாக வரும், அதனால் காலை நாலரைக்கு எரிகிற மாதிரி ஒன்பது வாட்ஸ் பல்பு ஒன்று. நாட்டுக்கோழிக்கு அந்த அக்கறை எதுவும் இல்லை.

நோட்டில் உள்ள கணக்கு: கார்த்திகையில் மொத்தம் 41 முட்டை. மார்கழியில் 88. அதில் வெள்ளைக்கோழிகளுடையது 57. திருப்பூர்க் கோழிகளில் இரண்டு ஒரு ஈடு முடித்துவிட்டன. கொண்டைக்கோழி மெதுவாகத்தான் ஆரம்பித்தது, ஆனால் நான் கட்டிக்கொடுத்த மூன்று கிரேட்டையும் விட்டுவிட்டு, கிணற்று மோட்டார் ரூமில் பழைய சாக்குக் கட்டின் மேல்தான் வைக்கிறது. தினம் அத்தை காலையில் அதைப் பிடித்து, சுண்டுவிரலால் முட்டை தட்டுகிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியே விடுவதில்லை, பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்துவிடுகிறார். முட்டை வைத்துக் கொக்கரித்த பிறகுதான் விடுதலை.

தீனிச் செலவை ஒளிக்கக் கூடாது. வெள்ளைக்கோழி ஒன்று ஒரு நாளைக்கு 110, 120 கிராம் முட்டைக்கோழித் தீவனம் கேட்கிறது, குறைத்தால் ஓடு மெல்லிசாகிவிடுகிறது. நாட்டுக்கோழிகள் காலையில் ஒரு கை கம்பு, சாயந்தரம் ஒரு கை குருணை, மிச்சத்தைத் தோட்டத்திலேயே பார்த்துக்கொள்கின்றன. முட்டையைக் கடையில் வாங்கினால் மலிவா என்று கேட்டால், வெள்ளை முட்டை மலிவுதான்.

எதிர்பாராதது பாட்டியம்மா. கார்த்திகையில், எல்லோரும் கைவிட்ட பிறகு, ஆறு முட்டை வைத்தது. வைத்துவிட்டு அடைக்குப் படுத்துவிட்டது. தூக்கிப் போட்டாலும் திரும்ப வந்து வெறும் வைக்கோல் மேல் உட்கார்ந்தது. அத்தை பார்த்தார். அதன் முட்டையில் நாலு, கொண்டைக்கோழி முட்டை மூன்று, வெள்ளைக்கோழி முட்டை இரண்டு, ஒன்பதையும் கரித்துண்டால் கோடு போட்டு அடியில் வைத்தார். ஓடு அழுத்தமாக, நடுத்தரமாக இருக்கிற முட்டையாகப் பொறுக்கினார். இன்றோடு பதினாறு நாள். தண்ணீர் குடிக்க மட்டும் எழுந்து வருகிறது, என்னைப் பார்த்தால் உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு சீறுகிறது.

குஞ்சு வந்தால் கீரிக்கு வலை இன்னும் கீழே இறக்க வேண்டும். அதற்கு முன்னால் இடம் காலியாக வேண்டும். சேவல் இரண்டு இருக்கிறதே, ஒன்று அதிகம். வருகிற வியாழக்கிழமை அய்யலூருக்குப் போகிறேன், இந்த முறை விற்க. ஏன் விக்கிறீங்க என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன்: விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று கூவினால் இன்னொன்று பதில் சொல்கிறது, பக்கத்து வீட்டு வாத்தியார் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.